கதைச்சு விளையாடு

மன்னார், தாழ்வுபாட்டுக் கடற்கரை மணல் பின்னேரம் நாலு மணிக்கும் சுடும். வெறுங்காலோடு ஒரு இடத்தில் நிற்க முடியாது. கருவாடு காயும் வாசம் வேறு... பந்து வருகிறதோ இல்லையோ, நான் ஓடிக்கொண்டே இருப்பேன்.

தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, பன்னிரண்டு வயதில் அம்மா அப்பாவோடு 'ஊருக்கு'த் திரும்பியவள் நான். அவர்களுக்குத்தான் அது ஊர். எனக்குப் புது நாடு.

வந்த வாரமே மாட்டிக்கொண்டேன். பெண்கள் ஃபுட்போல் டீமுக்கு றெஜினா கப்டன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். டீமில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம் என்று போய், "அக்கா, உங்ககிட்ட பேசணும்" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "ஏன் என்னைப் பேசப்போறாய்? நான் என்ன செய்தனான்?"

இங்கே பேசுவது என்றால் திட்டுவதாம். மற்றதெல்லாம் 'கதைக்கிறது'. விஷயம் விளங்கியதும் எல்லோரும் என்னைப் பகிடி பண்ணி விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீமில் சேர்த்தார்கள்தான்... ஆனால் நான் வாயைப் பூட்டிக்கொண்டேன்.

கூப்பிடாதவளுக்கு யார் பந்து தருவார்கள்? பக்கத்து ஊரோடு மெட்ச் வந்த அன்று றெஜினா பொறுமை இழந்தாள். "கதைச்சு விளையாடு. இண்டைக்கும் வாய் திறக்காட்டி நாளைக்கு வராத."

வகுப்பிலும் தனியாகத்தான் இருந்தேன். அந்த மணலையும் விட்டால் எனக்கென்று எதுவும் இல்லை.

மெட்ச் முடியப்போகிற நேரம். கோலுக்கு முன்னால் நான் மட்டும். பந்து றெஜினாவின் காலில். எந்தத் தமிழில் கூப்பிடுவது என்று யோசிக்க நேரமில்லை.

"குடுடி இங்க!"

முகாமில் 'டி' போட்டால் சிநேகிதம். இங்கே மரியாதைக்கேடு. அதுவும் கப்டனுக்கு... பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள். றெஜினா என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு பந்தைத் தந்தாள்.

கோல்.

ஓடிவந்து என் தோளில் கை போட்டாள். "இப்பதான் கதைச்சனி. ஆனா 'டி' எல்லாம் கிரவுண்டுக்குள்ள மட்டும்தான், சரியோ?"

"ஓம்" என்றேன். 'ஆமா'வை விட்டு, முதல் தடவையாக.

இப்போது மன்னார் டவுனில் வேலை. நான் கதைப்பதைக் கேட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போன வாரம், முகாமில் என்னோடு வளர்ந்த கலா வீடியோ கோல் எடுத்தாள். அவள் இன்னும் அங்கேதான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நீ பேசுறது பாதி புரியல. யாரோ மாதிரி இருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நானும் சிரித்து வைத்தேன். பிறகு அறைக்குள் அங்கும் இங்கும் நடந்தபடி, பழைய மாதிரிப் பேசிப் பார்த்தேன்...

யாரையோ பகிடி பண்ணுவது போல இருந்தது.