தெப்பக்குளத்தில் பச்சை டைல்ஸ்

சேந்தமங்கலத்தில் பழைய தெப்பக்குளத்தைத் தூர்வார வீடுவீடாகப் போய் ஆள் சேர்த்தவன் நான்தான். ஞாயிறு காலையில் தெருவே திரண்டு வந்தது. தினமும் எங்கள் வீட்டுக்குப் பூக் கொடுக்கும் அம்மா, கல்படியில் குவிந்திருந்த இடிபாட்டை வாரும்போது உடைந்த பச்சை டைல்ஸ் ஒன்றைக் கையில் எடுத்தார்.

அது என் வீட்டுடையது. போன வருடம் வாசலைப் புதுப்பித்தபோது, இடித்ததை எங்கே கொட்டுவது என்று டிராக்டர்காரர் கேட்டார். “எங்கியாச்சும் கொட்டுங்க” என்று சொல்லியிருந்தேன்.

“ஏனுங்க, இது உங்க ஊட்டு வாசல்ல இருந்ததாட்டம் இருக்குதுங்களே?” என்றார் அந்த அம்மா மெதுவாக.

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “எல்லா ஊட்லயும் இதேதானுங்க” என்றேன்.

அவர் அதைக் கூடையில் போட்டுச் சுமந்துகொண்டு படியேறினார். மதியம் எனக்குச் சால்வை போர்த்தியபோது அவரும் கைதட்டினார். இன்றும் வாசலில் அவர் குரல் கேட்டால் நான் உள்ளே போய்விடுகிறேன்.