அரிசி மண்டி வீட்டுக் கூழ்

எங்கள் வீட்டில் கேழ்வரகு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. கோவிலம்பாக்கத்தில் இருந்த நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்று, மேடவாக்கம் ரோட்டில் அரிசி மண்டி வைத்த அன்றே அப்பா போட்ட சட்டம் அது. சின்ன வயதில் கூழைத் தவிர வேறு எதையும் அதிகம் பார்க்காதவர். மண்டியில் பொன்னி மூட்டை வந்து இறங்கியதும், எங்கள் தட்டில் மூன்று வேளையும் வெள்ளை வெளேரென்று சோறுதான். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது நொய்யை மூட்டையாக அனுப்புவார். ஒரு வாய் குடிக்க மாட்டார். அம்மனுக்கே டிமிக்கி கொடுத்த ஆள், எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் கால்விரலில் வந்த சின்னப் புண் ஆறவே இல்லை. நானும் அம்மாவும் அவரைத் தாம்பரத்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம். சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. மாத்திரை எழுதிய டாக்டர், "சோத்தைப் பாதியா குறைங்க. கேழ்வரகு சேத்துக்குங்க. நார்ச்சத்து, இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து எல்லாம் அதுல இருக்கு. இப்படியே விட்டா விரலை எடுக்க வேண்டி வரும் சார்" என்றார்.

 வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா வெடித்தார்.

"அரிசி மண்டிக்காரன் வூட்ல கூழா? ஊரே சிரிக்கும். விரல் போனா போவுது!"

எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தன. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவர் முன்னால் ஒரு சொம்பை வைத்தாள். மோர் விட்டுக் கரைத்த கூழ். பக்கத்தில் சின்ன வெங்காயம், சுட்ட கோவளத்துக் கருவாடு. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் கருவாட்டு வாசனை அவரை விடவில்லை. என்னிடம் தெருக்கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ஒரு வாய் குடித்தார். அப்புறம் இன்னொரு வாய். சட்டென்று நிறுத்தி அம்மாவைப் பார்த்தார்.

கூழ் நினைத்தவுடன் கிடைக்கிற பண்டம் இல்லை. மாவைக் கரைத்து ஓர் இரவு புளிக்கவிட்டு, நொய்யோடு சேர்த்துக் கிளறி, இன்னோர் இரவு ஆறவைத்த பிறகுதான் கரைக்க வேண்டும். கூழிலேயே வளர்ந்தவருக்கு அது தெரியாதா?

"டாக்டர் சொன்னதே நேத்து சாயங்காலம். இது ரெண்டு ராத்திரி புளிச்ச கூழு. எப்போ மாவு கரைச்சே?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். "எப்பவும் கரைக்கிறதுதான். காலையில வெறும் சோறு துன்னா எனக்குத் தெம்பு நிக்கல. நீங்க மண்டிக்குப் போனப்புறம் பின்பக்கம் குந்திகினு குடிப்பேன்."

"எத்தினி வருஷமா?"

"மண்டி தொறந்ததுலேர்ந்து."

அம்மா காலையில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா கத்தப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் எழுந்து போய் இன்னொரு சொம்பு எடுத்துவந்தார். தன் கூழில் பாதியை அதில் ஊற்றி, தன் பக்கத்தில் தரையில் வைத்தார்.

"இங்கயே குந்து," என்றார். "இனிமே பின்பக்கம் போவாத."