பரமேஸ்வரி அக்காவின் வாட்டர் பம்ப்

கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்யும் பம்ப் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் மெக்கானிக்மாருக்காக இதை எழுதுகிறேன். முதலாளி ஹாஜியார் கேட்டது வேறு. "சீல் மாத்துறது, பெயாரிங் மாத்துறது, வைண்டிங் பாக்குறது எல்லாத்தையும் ஒரு கொப்பில எழுதிக் குடுங்க அண்ணன்" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். இது அந்தக் கொப்பிக்குள் அடங்காத விஷயம்.

1. ரயர்

சண்டைக் காலத்தில், பொருளாதாரத் தடை இருந்த வன்னியில், ஒரு சந்தியில் எனக்குச் சின்ன வேர்க்‌ஷொப் இருந்தது. சுற்றிவர வயலும் மிளகாய்த் தோட்டங்களும். அந்தச் சந்திக் கடைகளில் பெட்ரோல் சின்ன மருந்துப் போத்தலில் விற்றது. சவர்க்காரக் கட்டியைப் பாதியாக வெட்டி விற்றார்கள். டோர்ச் பற்றரி வருவதே இல்லை. றேடியோ கேட்க ஒருவர் சைக்கிள் டைனமோவைச் சுற்ற வேண்டும். நான் விற்றது என் கைவேலை. கிணற்றிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின்களைத் திருத்துவேன். சில சொட்டுப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடும் மெசின்கள். ஸ்பெயார் பார்ட்ஸ் உள்ளே வராது. அதனால் என்னை எல்லோரும் மதித்தார்கள். அந்த மதிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

மிளகாய் பூக்கத் தொடங்கியிருந்த நேரம். பரமேஸ்வரி அக்கா தன் மெசினைச் சைக்கிள் கரியரில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். கணவரைச் சண்டையில் இழந்தவர். ஒரு மகள், சுதா, பதினான்கு வயது. கால் ஏக்கர் மிளகாய்தான் அவர்களுடைய வருமானம்.

"ஸ்டார்ட் வருகுதில்லைத் தம்பி. கயிறு இழுத்து இழுத்துக் கை விட்டுப்போச்சு."

"வைச்சிட்டுப் போங்கோ அக்கா. நாளைக்கு வாங்கோ."

அவர் போன பிறகு கழற்றிப் பார்த்தேன். கார்பரேட்டர் ஜெட்டில் குப்பை அடைத்திருந்தது. கழுவி ஊதிப் போட்டால் பத்து நிமிட வேலை. ஜெட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த துரைசிங்கம் வந்தார். அவருக்கும் தோட்டம் இருந்தது. அவருடைய மெசினும் என்னிடம்தான் கிடந்தது, அதே மேக், அதே மொடல். அதில் இக்னிஷன் கொயில் எரிந்துபோயிருந்தது. கொயில் போனால் பிளக்கில் நெருப்பு வராது, மெசின் வெறும் இரும்பு.

"ரெண்டு புதுச் சைக்கிள் ரயர் வந்திருக்கு" என்றார் துரைசிங்கம். "கடையிலை வைக்கேல்லை. உனக்கெண்டு எடுத்து வைச்சிருக்கிறன். பின்னேரத்துக்குள்ளை எனக்கு மெசின் ஓடோணும்."

"கொயில் இல்லை அண்ணை."

அவர் பரமேஸ்வரி அக்காவின் மெசினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் சைக்கிள் ரயர் கிழிந்துபோய், அதில் கயிறு சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். அதைக் காரணமாகச் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் பாதிப் பேருடைய ரயர் அப்படித்தான் இருந்தது.

அக்காவின் கொயிலைக் கழற்றித் துரைசிங்கத்தின் மெசினில் போட்டேன். எரிந்த கொயிலை அக்காவின் மெசினில் வைத்து ஸ்க்ரூ முறுக்கினேன். பின்னேரம் துரைசிங்கத்தின் மெசின் முதல் இழுவையிலேயே ஸ்டார்ட் வந்தது.

2. நான் சொன்ன காரணம்

மறுநாள் காலையில் அக்கா வந்தார். பிளக்கைக் கழற்றி எஞ்சின் ஹெட்டில் வைத்துக் கயிற்றை இழுத்துக் காட்டினேன். நெருப்பு வரவில்லை.

"கொயில் எரிஞ்சுபோச்சு அக்கா" என்றேன்.

"ஏன் தம்பி எரிஞ்சது? போன மாசம் நல்லா ஓடினதே."

இங்கேதான் நான் இரண்டாவது பிழையைச் செய்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பழைய சாமான், போகத்தான் செய்யும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பார்ட்டைத் திருடியவனுக்கு ஒரு நல்ல காரணம் தேவைப்பட்டது. எங்கள் தொழிலில் அதற்கு வழக்கமான இடம் ஒன்று உண்டு: கஸ்டமரின் தலை.

"நீங்கள் ஆறவிடாமல் ஓடவிட்டிருக்கிறியள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிப்பாட்டோணும் எண்டு சொன்னனான்தானே? சூட்டிலை எரிஞ்சிருக்கு."

அவர் மெசினையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஓம் தம்பி. ரெண்டு நாள் நிப்பாட்டாமல் விட்டனான்தான். வெயில் கூட எண்டு…"

ஒரு மனிதரிடம் தேடினால் ஏதாவது ஒரு தவறு அகப்படும். அவருக்கே அகப்பட்டது. நான் தலையாட்டினேன்.

பிறகு அந்தத் தோட்டத்துக்கு வாளியால்தான் தண்ணீர். கப்பியில் கயிற்றைப் போட்டுத் தாய் அள்ள, மகள் சுமந்து போய்ப் பாத்தியில் ஊற்றினாள். சுதாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதை அக்கா நிறுத்தினார். என் வீட்டுக்குப் போகும் வழி அந்த வேலிக்குப் பக்கத்தால். புது ரயரில் சத்தமில்லாமல் போய்விடலாம் என்று பார்ப்பேன். ஒரு நாள் அக்கா கண்டுவிட்டார்.

"தம்பி, நல்ல ரயர் போட்டிருக்கிறியள். பத்திரமா வைச்சிருங்கோ, இனிக் கிடைக்காது."

"ஓம் அக்கா" என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

மிளகாயில் பாதிக்கு மேல் பூ உதிர்ந்து காய்ந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து எப்படியோ ஒரு கொயில் எனக்கு வந்துசேர்ந்தது. அதை அக்காவின் மெசினில் போட்டு, காசு வேண்டாம் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. "உங்களைப் போல ஆக்கள் இருக்கிறபடியால்தான் தம்பி" என்று சொல்லி, மிஞ்சியிருந்த, காயவைத்த செத்தல் மிளகாயில் ஒரு பை தந்தார். வேண்டாம் என்று மறுத்தால் ஏன் என்று கேட்பாரோ எனப் பயந்து, அதையும் வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு சண்டை அந்தப் பக்கம் வந்தது. ஊரே எழும்பி இடம்பெயர்ந்தது. வேர்க்‌ஷொப்பும் தோட்டங்களும் மெசின்களும் அப்படியே கிடந்தன. நான் பல இடங்களில் அலைந்து, கடைசியில் கொழும்புக்கு வந்து இந்தக் கடையில் சேர்ந்தேன்.

3. தெஹிவளை

போன வருஷம் தெஹிவளையில் ஒரு ஃப்ளாட். கூரையில் உள்ள டாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் எரிந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். மூன்று கிழமைக்கு முன் நான்தான் அதற்குச் சீல் மாற்றியிருந்தேன். திறந்து பார்த்ததும் விளங்கிவிட்டது. சீல் சரியாக இருக்கவில்லை; தண்ணீர் ஒழுகி மோட்டருக்குள் போயிருந்தது. முழுக்க என் பிழை.

வீட்டுக்கார அம்மா கேட்டார்: "என்ன நடந்தது?"

என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. "கீழ் டாங்கியிலை தண்ணியில்லாமல் ட்ரையா ஓடவிட்டிருக்கிறியள் போல."

அந்த அம்மா உடனே கணவரின் பக்கம் திரும்பினார். "சொரி, நான்தான் சுவிட்சை நிப்பாட்ட மறந்திருப்பன்."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பரமேஸ்வரி அக்காவின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன். "இல்லை மிஸ். நான் போட்ட சீல்தான் பிழை. உங்களிலை ஒரு பிழையும் இல்லை" என்றேன். கணவர் நன்றாக ஏசினார். ஹாஜியாரிடம் சொன்னபோது அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "மோட்டர நாமளே மாத்திக் குடுப்பம். இனி இப்படிச் செய்யாதீங்க அண்ணன்" என்றார். அவ்வளவுதான். உண்மையைச் சொல்லி நான் இழந்தது அவ்வளவுதான்.

4. தொலைபேசி

அதே கிழமை ஒரு நாள் காலை, கடைக்குப் போக முன், வெள்ளவத்தையில் என் அறையிலிருந்து பரமேஸ்வரி அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவரும் சுதாவும் உயிரோடு ஊருக்குத் திரும்பியிருந்தார்கள் என்று எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொல்லி, இலக்கமும் தந்திருந்தார். கரையோர ரயில் ஒன்று போய் முடியும் வரை காத்திருந்துவிட்டு அழுத்தினேன்.

என் பெயரைச் சொன்னதும் அக்கா சந்தோஷப்பட்டார். "மெக்கானிக் தம்பியோ! எங்கை இருக்கிறியள்? சுகமோ?"

நலம் விசாரிக்க விட்டால் சொல்லாமலே வைத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். நேரே சொன்னேன். ஜெட்டில் குப்பை, துரைசிங்கம், ரயர், கொயில் எல்லாவற்றையும்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அப்ப" என்றார் அக்கா, "நான் பழுதாக்கேல்லையோ?"

"இல்லை அக்கா."

"சூட்டிலை எரியேல்லையோ?"

"எரியவே இல்லை அக்கா. நல்ல கொயில் அது."

அதன் பிறகு அழுகைச் சத்தம்தான் கேட்டது. யாரோ போனை வாங்கினார்கள்.

"ஆர் கதைக்கிறது? அம்மாவுக்கு என்ன சொன்னனீங்கள்?" சுதா. வளர்ந்த பெண்ணின் குரல்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து அவளுக்கும் சொன்னேன்.

"அந்தத் தவணை பள்ளிக்கூடத்தாலை நிண்டனான், பிறகு இடம்பெயர்ந்தது, அதோடை படிப்பும் போச்சு" என்றாள். "நான் அதைப் பெரிசா நினைக்கேல்லை மாமா. எத்தினை பேருக்குப் போனது. அம்மாதான். என்ரை பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பேக்கை எல்லாம் சொல்லுவா, நான் மெசினை எரிச்சுப்போட்டன், உன்ரை படிப்பைக் கெடுத்துப்போட்டன் எண்டு. இண்டைக்குக் காலமையும் சொன்னவ."

பிறகு கேட்டாள்:

"ஏன் மாமா இவ்வளவு காலம்? ஒரு நாள் முந்திச் சொல்லியிருந்தாலும் அம்மாவுக்கு ஒரு நாள் குறைஞ்சிருக்கும்."

வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு இடமில்லை.

தம்பிமாரே, உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். கழற்றும் பார்ட்டைக் கஸ்டமருக்கு முன்னால் கழற்றுங்கள். பழைய பார்ட்டை அவர் கையிலேயே கொடுங்கள். பழுதுக்குக் காரணம் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். கஸ்டமரின் பிழை என்று சொல்வதற்கு முன் இரண்டு தடவை பாருங்கள். நாங்கள் அதைச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். கேட்டவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.

இன்னுமொன்று. ஊர்க்காரர் அந்த இலக்கத்தை எழுதித் தந்தது, நான் அன்று போன் எடுப்பதற்கு இரண்டு வருஷத்துக்கு முன். சுதா அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.