புல்லுக்கு அம்மை

அன்று அங்கே இருந்தவர்கள் இவர்கள்.

நான்.

பாவா. என் அக்காளைக் கட்டியவர். என்னோடு புல் வேலை பார்த்தவர்.

ஆர்.கே.பேட்டை அக்கா. களை பிடுங்குகிறவள்.

மட்டைப் பை தூக்குகிறவன் ஒருவன். கேடி என்று கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்து ஆள்தான். அன்று கடைசிக் குழியில் எல்லாக் கூட்டத்துக்கும் அவன்தான் பை தூக்கினான்.

மேனேஜர்.

கமிட்டிக்காரர்கள் மூன்று பேர். அவர்கள் கடைசியில் வந்தார்கள்.

ஆட வந்த மற்ற மெம்பர்களைச் சேர்க்கவில்லை. அவர்கள் வந்தார்கள், போனார்கள்.

எங்கள் கோல்ப் மைதானம் சென்னை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் திருத்தணி மலை தெரியும். முன்பு அது கரும்புக் கொல்லை. நான் அதிலேயே கரும்பு வெட்டியிருக்கிறேன். பிறகு அதிலேயே புல் வெட்டினேன்.

ஒவ்வொரு குழியைச் சுற்றியும் ஒரு வட்டம் புல் இருக்கும். அதைக் கிரீன் என்பார்கள். பாய் விரித்த மாதிரி ஒட்ட வெட்டியிருக்கும். தூரத்தில் நின்று அடிக்கிற பந்து மேலே போய் அதன்மேல் விழும். விழுந்த இடம் குழிந்துவிடும். அதைப் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரியே இருக்கும். அதனால் எங்களுக்குள் அதற்கு அம்மை என்று பேர். காலையில் போனதும் முதல் பேச்சு அதுதான். நேற்று அம்மை அதிகமா, கம்மியா.

பந்து அடித்தவரே அந்தத் தழும்பைச் சமமாக்கிவிட்டுப் போக வேண்டும். அதைத்தான் எடுப்பது என்போம். அது ஆட்டத்தின் மரியாதை. அதற்கென்று இரண்டு பல் வைத்த சின்ன முள் இருக்கிறது. ஓரத்தில் குத்தி நடுவைப் பார்த்து நெருக்கி, மட்டையால் ஒரு தட்டு தட்டினால் போதும். அதேபோல மணல் குழிக்குள் இறங்கினால் கால் தடத்தை வாரிவிட்டு ஏற வேண்டும். மட்டை பெயர்த்துப்போட்ட புல்லை எடுத்து வந்து அதே இடத்தில் வைத்து மிதிக்க வேண்டும். வாசலில் போர்டே இருக்கிறது. இங்கிலீஷில் இருக்கிறது. மேனேஜர் ஒருமுறை எங்களுக்குப் படித்துச் சொன்னார். வந்தபோது இருந்ததைவிட நன்றாக வைத்துவிட்டுப் போ என்று எழுதியிருக்கிறதாம். நல்ல பேச்சுதான்.

உடனே எடுத்தால் மறுநாள் தடம் தெரியாது. விட்டால் வெயிலில் காய்ந்து பழுப்பாகிவிடும். அப்புறம் அது ஆற நாளாகும்.

முள்ளை எல்லா மெம்பருக்கும் இனாமாகக் கொடுத்தார்கள். ஒருவர் அதை என் கையில் கொடுத்துவிட்டார். உனக்குத்தான் இது உதவும் வச்சிக்கப்பா என்றார். நல்ல மனசோடுதான் கொடுத்தார். பாவாவுக்கு அந்த முள் பிடிக்காது. அவர் கோணி ஊசி வைத்திருந்தார்.

எடுக்கிறவர்களும் இருந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைத் தலைக்காரர். அவர் தன்னுடையதையும் எடுப்பார், பக்கத்தில் கிடப்பதையும் எடுப்பார். முட்டி வலி. கேடியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் குனிவார். அப்படியும் குனிவார்.

நாங்கள் மெம்பர்களிடம் பேசக் கூடாது. அவர்களாகக் கேட்டால் பதில் சொல்லலாம். அவர்கள் கிரீனுக்கு வந்தால் நாங்கள் விலகி நிற்க வேண்டும். அவர்கள் போனதும் ஓடிப்போய் அம்மை எடுப்போம். அடுத்த கூட்டம் வருவதற்குள் வெளியே வந்துவிடுவோம். இப்படித்தான் வேலை நடந்தது.

பாவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் ஓட்டினவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. படுத்தால் மூச்சு விட முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். தறி இருக்கிற வீட்டுப் பக்கமே போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்தான் புல் வேலைக்குக் கூட்டி வந்தேன். வந்த ஒரு வருஷத்தில் படுத்துத் தூங்க ஆரம்பித்தார். என் அக்கா அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அவருக்குத் தறி தெரியும், புல் தெரியும். வேறு எதுவும் தெரியாது.

ஆடி மாசம் மேனேஜர் எங்களை வரச் சொன்னார். கமிட்டியில் பேசியிருக்கிறார்கள். கிரீன்கள் மோசமாக இருக்கிறது, கை ஆட்களை நிறுத்திவிட்டு சென்னைக் கம்பெனிக்கு விட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கம்பெனி மெஷினோடு ஆட்களையும் கொண்டுவரும். முடிவெடுக்கும் முன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைசிக் குழியின் கிரீனைப் பார்ப்பார்களாம். பந்து விழுந்த தழும்பு பத்துக்குள் இருந்தால் நாங்கள் இருக்கலாம். மேலே போனால் கம்பெனி.

அந்தக் கிரீனைப் பார்த்துக்கொண்டது நானும் பாவாவும்.

இன்னொன்றும் சொன்னார். அன்றைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். ஆட்டம் முடிகிறவரை வேலையாட்கள் யாரும் புல்லில் கால் வைக்கக் கூடாது. மெம்பர்களே எடுத்துவிடுவார்கள், எல்லாருக்கும் போனில் செய்தி அனுப்பியிருக்கிறது என்றார். சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை. அவர் கையிலும் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்தது. நல்ல மழை. மழை விட்டபின் கிரீனில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். உள்ளே போனது. பாவா பார்த்துக்கொண்டே நின்றார். ஈரப் புல்லில் விழுகிற பந்து வெயில் புல்லில் விழுகிற மாதிரி இல்லை. கிண்ணம் மாதிரி குழி விழும்.

அன்று இருட்டுவதற்குள் ஒரு தழும்பு விடாமல் எடுத்தோம். பிறகு பாவா வேலி ஓரத்து வேப்பமரத்துக்குப் போய் ஒரு கொத்து ஒடித்து வந்தார். கிரீனின் ஓரத்தில், ஆட்டக்காரர்கள் ஏறி வருகிற பக்கம், நட்டார்.

எங்கள் ஊரில் வீட்டு வாசலில் வேப்பிலை சொருகியிருந்தால் உள்ளே அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். காலைக் கழுவாமல் யாரும் ஏறமாட்டார்கள். மெதுவாக நடப்பார்கள். நோயாளி இருக்கிற வீடு என்று பார்த்துப் பதனமாக நடந்துகொள்வார்கள்.

ஆர்.கே.பேட்டை அக்கா கேட்டாள்.

"இன்னாண்ணே, கூழு எப்போ ஊத்தற?"

"சிரிக்காத. வாயால சொல்லக் கூடாதுன்றான். இலையால சொல்றேன்."

"அவங்களுக்குப் புரியுமா?"

"ஏன், அவங்க வூட்ல யாருக்கும் அம்மை போட்டதே இல்லியா? பார்த்தா புரியும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஞாயிறு காலை ரோடு முழுக்கக் காவடி. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போகிற கூட்டம். அரோகரா சத்தம் மைதானம் வரை வந்தது. மெம்பர்களின் கார்கள் கூட்டத்தில் மாட்டி லேட்டாக வந்தன. அதனால் ஒரு கூட்டம் போவதற்குள் அடுத்த கூட்டம் வந்து நின்றது. எங்களைப் புங்கமரத்தடியில் நிற்கச் சொன்னார்கள். குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. நின்றோம்.

முதல் பந்து விழுந்தது. தொப் என்று ஒரு சத்தம். தண்ணீர் தெறித்தது.

அடித்தவர் நடந்து வந்தார். கையில் முள்ளை எடுத்துவிட்டார். போன் செய்தி வேலை செய்கிறது என்று நினைத்தேன். பாவா என் முழங்கையைப் பிடித்தார். பந்து அடித்தவர் குனியப் போனார், வேப்பிலையைப் பார்த்தார். நிமிர்ந்து கேடியிடம் என்னவோ கேட்டார். காற்று எங்கள் பக்கம் அடித்தது. கேடி சொன்னது காதில் விழுந்தது.

"அம்மன் சார். ஆடி மாசம் இல்லீங்களா."

அவன் பொய் சொல்லவில்லை. அம்மை என்றாலும் அம்மன்தான். எங்கள் ஊரில் இரண்டும் ஒன்றுதான்.

அவர் முள்ளைப் பையில் போட்டுக்கொண்டார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். சாமி இருக்கிற மண்ணைக் குத்தக் கூடாது என்று நினைத்திருப்பார். பந்தைத் தள்ளிக் குழியில் போட்டார். வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார். குழிந்தது அப்படியே கிடந்தது.

போகிற வழியில் பின்னால் வருகிறவர்களிடம் கையைக் காட்டிச் சொன்னார். அவர்கள் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களிடம் சொன்னார்கள். அந்தக் கிரீனில் எதையும் தொடாதே, சாமி வைத்திருக்கிறார்கள் என்று பேச்சு பரவிவிட்டது. ஒரு அம்மா ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் சாக்ஸோடு ஏறினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் பந்து விழுந்த இடம் உள்ளங்கை அகலம் இருந்தது. அதையும் தாண்டி நடந்தார்.

எல்லாரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். அப்படி மரியாதையாக அவர்கள் நடந்து நான் பார்த்ததில்லை.

நான் பாவாவைப் பார்த்தேன்.

"போய் பிடுங்கிப் போட்டுடட்டா பாவா?"

"கயித்தத் தாண்டினா இன்னிக்கே அனுப்பிடுவான்."

"கேடி கிட்ட சொல்லலாம்."

"அவன் எப்டி வருவான் இங்க? பையத் தூக்கிக்கினு போய்க்கினே இருக்கான்."

மேனேஜருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. விருந்தாளிகளோடு இருந்தார். ஆர்.கே.பேட்டை அக்கா கையை ஆட்டிப் பார்த்தாள். கிரீனில் இருந்த ஒருவர் அவளைப் பார்த்துச் சிரித்துத் தானும் கையை ஆட்டினார். அவள் கையைக் கீழே போட்டாள்.

வெள்ளைத் தலைக்காரர் வந்தபோது எங்களுக்கு உயிர் வந்தது. அவர் எடுப்பார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எடுப்பார்கள். கேடியின் தோளைப் பிடித்தார். குனிந்தார். கேடி அவர் காதில் சொன்னான். அவர் அப்படியே நின்றார். அவ்வளவு தூரம் குனிந்தவர், வேப்பிலையிலிருந்து ஒரு இலையைக் கிள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நிமிர்ந்து போய்விட்டார்.

பாவா அதற்குப் பிறகு பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். ஆனால் தொப் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தோள் அசைந்தது. மத்தியானம் வெயில் வந்தது. சோறு கொண்டுபோயிருந்தோம். திறக்கவில்லை.

ஒருமுறை மட்டும் பேசினார்.

"தறியில இழை அறுந்தா மிஷின நிறுத்தலாம் மச்சான்."

கடைசிக் கூட்டம் கமிட்டிக்காரர்கள். அவர்களும் ஆடிக்கொண்டே வந்தார்கள். மூன்று பந்து. மூன்றும் கிரீனில்தான் விழுந்தன. நன்றாக அடிக்கிறவர்கள். கேடி அவர்களுக்கும் சொன்னான். மூவரும் கும்பிட்டார்கள். ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் தரையைப் பார்த்தார்கள்.

மேனேஜர் ஓடி வந்தார். எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டார். கயிற்றுக்குக் கீழே குனிந்து போனோம். பாவா செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன்.

கமிட்டியில் ஒருவர் தாழ்ந்த குரலில்தான் பேசினார். கோபம் இல்லை. இது கிரீனா, உழுத கொல்லையா என்றார். மேனேஜர், நேற்று மழை சார் என்றார். மெம்பர்கள் ஏன் எடுக்கவில்லை என்று இன்னொருவர் கேட்டார். கேடி தலை குனிந்துகொண்டான். மூன்றாமவர் வேப்பிலையைக் காட்டினார்.

"இதை யார் வச்சது?"

"நான்தானுங்க" என்றார் பாவா.

"வேண்டுதலா?"

பாவா வாயைத் திறந்தார். அம்மைங்க என்றார். புல்லுக்கு அம்மைங்க. அதற்கு மேல் மூச்சு இழுத்தது. இருமல் வந்துவிட்டது. அவர் குனிந்து இருமி முடிக்கும் வரை எல்லாரும் நின்றார்கள். அக்கா தண்ணீர் கொடுத்தாள். நான் சொல்லியிருக்கலாம். அவர் கேட்டது பாவாவை. இலை நட்டால் புரியும் என்று எப்படி இங்கிலீஷ் போர்டு வைத்தவர்களிடம் சொல்வது.

பக்தி இருக்கட்டும், அதை வேறு இடத்தில் வைத்திருக்கலாம் என்றார் மூன்றாமவர். நல்லவிதமாகத்தான் சொன்னார்.

நாமாகப் பேசித் தீர்க்க வேண்டாம், சொன்னபடியே செய்வோம் என்று முதலாமவர் சொன்னார். எண்ணச் சொல்லுங்கள் என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நீ எண்ணினால் போதும் என்றார்.

நான் கிரீனில் ஏறினேன். தரை இன்னும் ஈரமாக இருந்தது. ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். காலையில் விழுந்தவற்றின் விளிம்பு காய்ந்து பழுக்க ஆரம்பித்திருந்தது. அந்த அம்மாவுடையதைத் தாண்டினேன். கடைசியாக விழுந்த மூன்றில் இன்னும் தண்ணீர் நின்றது. அவற்றையும் சேர்த்தேன். பாவா கோணி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். எதையும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லவில்லையே.

சத்தமாகச் சொல்லப்பா என்றார் மேனேஜர்.

சொன்னேன்.

முப்பத்தொன்று.