கிட்டாரில் ஒட்டிய எட்டுப் பொட்டுகள்

பிடிவாதத்துக்கு எங்கள் வீட்டில் என்னை விட்டால் ஆள் கிடையாது. ராஜபாளையத்தில் மில் பாட்டுக்குழுவில் வாசித்துவந்த பெரியப்பா, கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போனபோது தன் கிட்டாரை எங்களிடம் விட்டுப் போனார். நான் அப்போது ஏழாம் வகுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பாட்டுப் போட்டி என்று அக்கா பேர் கொடுத்ததும், கிட்டார் நான்தான் வாசிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"நீ ஒரு பக்கம் போவ, நான் ஒரு பக்கம் போவேன். எங்க ஸ்கூல் ஆர்மோனிய டீச்சர் வாசிச்சாலே போதும்ட்டி" என்றாள் அக்கா.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சொல்லித்தர ஆளில்லை. அவளைப் பாடச் சொல்லி, ஒரே கம்பியைக் கட்டம் கட்டமாக அழுத்தி, ச எங்கே, ரி எங்கே என்று தேடினேன். அகப்பட்ட கட்டத்துக்கு நேராக, கிட்டார்க் கழுத்தின் விளிம்பில் அக்காவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. ஒரு மாதத்தில் மேல் ச வரை எட்டுப் பொட்டும் ஏறின. அக்காவும் இறங்கிவந்தாள்.

போட்டியன்று அவளுக்குச் சளி. மேடையில் வழக்கத்தைவிடத் தாழ்வாக ஆரம்பித்தாள். நான் பொட்டுகளை நம்பி வாசித்தேன். குரலும் கம்பியும் சேரவே இல்லை. ஆனாலும் விடுவதாக இல்லை. துழாவியதில் ச இரண்டு கட்டம் கீழே அகப்பட்டது. பொட்டைப் பிய்த்து அங்கே ஒட்டினேன். ரியும் இரண்டு கட்டம் கீழே. மூன்றாவது பொட்டில் கை வைத்தபோதுதான் பொறி தட்டியது. ச-வுக்கும் ரி-க்கும் நடுவே இரண்டு கட்டம், க-வுக்கும் ம-வுக்கும் நடுவே ஒன்றே ஒன்று. எங்கே ஆரம்பித்தாலும் இந்தத் தூரம் மாறாது. இனிப் பொட்டே வேண்டாம்!

அதுவரை அக்கா முதல் வரியையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாள். "அடுத்த வரி மறந்துருச்சு போல" என்று முன்வரிசையில் சிரித்தார்கள். நான் சரியாகச் சேர்ந்துகொண்டதும்தான் அடுத்த வரிக்குப் போனாள். பரிசு கிடைக்கவில்லை.

"அக்கா வரிய மறந்துட்டாம்மா. நான்தான் காப்பாத்துனேன்" என்று வீட்டுக்கு வந்ததும் பீற்றிக்கொண்டேன்.

"ஆமா, மறந்துதான் போச்சு" என்று சொல்லிவிட்டு அக்கா முகம் கழுவப் போனாள்.

அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் அவளைக் கேலி செய்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. எனக்காக ஒரு மாதம், தினமும் தொண்டை வலிக்க அந்தப் பாட்டைப் பாடியவளுக்கு இரண்டாவது வரி எப்படி மறக்கும்? அன்றைக்கு எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.