சாட்சி நேரத்தில் சொன்ன பெயர்

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நடுவே சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்குவதற்குள், அந்த வாரம் கர்த்தர் யாருக்காவது நன்மை செய்திருந்தால் எழுந்துபோய் மைக்கில் சொல்லலாம். மகனுக்கு வேலை கிடைத்தது, மாட்டுக்குக் காய்ச்சல் விட்டது, வேப்பூர் போகிற வழியில் லாரி இடிக்காமல் தப்பித்தது, எல்லாமே சாட்சிதான். சொல்லி முடித்ததும் சபையே 'அல்லேலூயா' என்று கை தட்டும். எதையாவது பெற்றுக்கொண்டவர்கள்தான் அந்த மைக்கைத் தொடுவார்கள். இழந்தவர்கள் எழுந்து போனதை நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு ஜெபக்குறிப்பு என்று வேறு இடம் இருந்தது. ஆராதனை ஆரம்பத்திலேயே பாஸ்டர் அதை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பார்.

நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணமான மறுவருஷத்திலிருந்து அந்த ஜெபக்குறிப்பில்தான் குடியிருந்தோம். "குழந்தை பாக்கியம் இல்லாத நம்ம சகோதரிக்காக" என்று பாஸ்டர் ஆரம்பித்ததும் எல்லாருடைய கண்ணும் என் முதுகில் ஏறும். அன்பாகத்தான் பார்த்தார்கள். உபவாசம் இருந்து ஜெபித்தவர்களும் உண்டு. ஆனாலும் எனக்குக் கோபம் வரும். வாராவாரம் மைக்கில் சொல்லாவிட்டால் ஆண்டவருக்கு என் வீட்டு அட்ரஸ் மறந்து போய்விடுமா என்ன?

சபை, ஜங்ஷனுக்குப் போகிற ரோட்டில் இருந்த ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். வெளியே கட்டியிருந்த ஸ்பீக்கர் குழாய் நேராக எதிர்ப்பக்கத்து டீக்கடையைப் பார்த்திருக்கும். கடைக்காரர் மங்கலம்பேட்டையிலிருந்து வந்த பாய். எங்கள் சாட்சியெல்லாம் எங்களைவிட அவருக்குத்தான் மனப்பாடம். "போன வாரம் மாடு பொழச்சிதே, பால் கறக்குதா?" என்று கேட்பார். என் வீட்டுக்காரருக்கு அவரோடு நல்ல பழக்கம். நானும் என் வீட்டுக்காரரும் ஒரே பீங்கான் கம்பெனியில் வேலை செய்தோம். அவர் சரக்கைச் சூளைக்குள் அடுக்குவார். மீட்டர் பெட்டியில் மாட்டுகிற வெள்ளை பீஸ் கட்டைகளின் ஓரத்தை ஈரப் பஞ்சால் வழித்துச் சுத்தம் செய்வது என் வேலை.

சபையில் நான் பயந்தது ஒரே ஒரு ஆளுக்கு. ஜங்ஷன் பக்கம் இட்லிக்கடை வைத்திருந்த அக்கா. பாய் விரிப்பது, குழந்தைகளை அதட்டுவது, பெண்களின் முக்காட்டைச் சரி பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பில்லை, அவரே எடுத்துக்கொண்டது. எங்கள் சபையில் பெண்கள் பூ வைப்பதில்லை. விவரம் தெரியாமல் யாராவது தலையில் மல்லிகையோடு வந்துவிட்டால், "அத எடுத்து செருப்பாண்ட வச்சிட்டு உள்ள வா" என்று வாசலிலேயே மறிப்பார். சாட்சி கொஞ்சம் நீண்டால் போதும், உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் வரும்: "சுருக்கமா முடிம்மா, அடுப்புல சாம்பார் கெடக்குது."

எனக்கு நாள் தள்ளிப்போய், டாக்டரம்மா உறுதி செய்த அந்த வாரமே பாஸ்டர் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார். நான் தயங்கினேன். "கர்த்தர் செஞ்சத மறைக்கக் கூடாது சிஸ்டர். இத்தன வருஷமா சபை அழுது ஜெபிச்சிருக்குது, அவங்களும் சந்தோஷப்படட்டும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. எழுந்துபோய்ச் சொன்னேன். இரண்டு வார்த்தைதான் வந்தது. சபை எழுந்து நின்று கை தட்டியது. அப்படி ஒரு கைதட்டலை அந்த ஷெட்டு அதற்கு முன் கேட்டிருக்காது. இட்லிக்கடை அக்கா மட்டும் பாய் சுருட்டும்போது என் பக்கத்தில் வந்து, "வவுறு தெரியட்டும்னு வுட்டிருக்கலாம்ல" என்றார். அவர்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அதற்குப் பிறகு என் சாட்சி என்னைவிட வேகமாக நடந்தது. பாஸ்டர் உளுந்தூர்ப்பேட்டையில் சொன்னார், நெய்வேலியில் சொன்னார், கடலூர் பக்கத்தில் நடந்த கூட்டத்திலும் சொன்னார். நான் போகாத ஊருக்கெல்லாம் என் வயிறு போய்விட்டு வந்தது.

ஏழாம் மாதத்தில், கம்பெனியில் பஞ்சு கையிலிருக்கும்போதே வலி வந்துவிட்டது. இங்கே ஆஸ்பத்திரியிலிருந்து பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். என்னால் எழுந்து போக முடியவில்லை. என் வீட்டுக்காரர்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். "வெரல அசைக்குது." "ஒன்ன மாதிரியே நெத்தி." ஒருநாள் கொஞ்சம் வெட்கத்தோடு, "பேரச் சொல்லிக் கூப்ட்டுட்டேன்" என்றார்.

அதைத் தப்பாக நினைத்துத்தான் வெட்கப்பட்டார். எங்கள் சபையில் குழந்தையைப் பிரதிஷ்டை செய்கிற நாளில், பாஸ்டர் இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்து மைக்கில் பெயரைச் சொல்வார். அதுவரை வெளியே சொல்வதில்லை. நாங்கள் இரண்டு பேரும் முன்பே ஒரு பெயரை முடிவு செய்து வைத்திருந்தோம். உலகத்தில் அந்தப் பெயர் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஆண்டவரையும் சேர்த்தால் மூன்று.

ஒரு வாரம்கூட முழுதாக இருக்கவில்லை. நான் அவளைத் தூக்கியது ஒரே ஒரு முறை, மூச்சு நின்ற பிறகு. துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். இவ்வளவு லேசாக ஒரு பிள்ளை இருக்குமா என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அழுகை வந்தது.

அவர் பூத்திலிருந்து பாஸ்டருக்குப் போன் செய்தார். அப்போதெல்லாம் எங்கள் சபையில் செல்போன் வைத்திருந்தது பாஸ்டர் ஒருவர்தான். வெளியூர்க் கூட்டத்தில் இருந்தாராம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பிரதிஷ்டை ஆகாத கைக்கொழந்தைக்கு அடக்க ஆராதனை வைக்கிற வழக்கம் நம்மகிட்ட இல்ல பிரதர். வூட்டோட முடிச்சிக்குங்க" என்று சொல்லியிருக்கிறார்.

மணிமுத்தாற்றங்கரையில் என் வீட்டுக்காரருடைய அண்ணன்தான் குழி வெட்டினார். எங்களை மாதிரி சபைக்கு வருகிறவர் அல்ல அவர். தனக்குத் தெரிந்தபடி ஒரு கற்பூரம் ஏற்றினாராம். வேறு நாளாக இருந்தால் இவர் தடுத்திருப்பார். அன்று தடுக்கவில்லை. "யாராவது எதாவது செஞ்சாங்களே" என்று என்னிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு பாஸ்டரும் அவர் மனைவியும் பார்க்க வந்தார்கள். ஜெபித்தார்கள். "கர்த்தர் மறுபடியும் குடுப்பாரு, சோர்ந்து போகக் கூடாது" என்றார்கள். அந்த ஜெபத்தில் அடுத்த பிள்ளை இருந்தது. பிறந்து செத்த பிள்ளை இல்லை. அவள் எப்படி இருந்தாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு ஊரில் எடுத்துச் சொன்ன அற்புதம் இப்படி முடிந்ததில் அந்த மனிதருக்கும் உள்ளுக்குள் நடுக்கம் இருந்திருக்கும். இன்று அது புரிகிறது. அன்று வயிறு எரிந்தது. அவர்கள் போனதும் என் வீட்டுக்காரர், "வூட்டோட முடிச்சிக்குங்கன்னாரே, என்னத்த முடிக்கிறது? இனிமே நான் அங்க வர்ல" என்றார்.

உடம்புக்கு யார் சொல்வது பிள்ளை இல்லையென்று? பால் கட்டிக்கொண்டது. மார் கல்லாகி, காய்ச்சல் அடித்து, ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது. ஒருநாள் காலையில் இட்லிக்கடை அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம். பிரித்தால் உள்ளே மல்லிகை, கட்டாத உதிரி மல்லிகை. பழமலைநாதர் கோயில் வாசலில் பூக்கடைக்காரியிடம் வாங்கியதாம். நான் திகைத்துப் போய் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"என்னாத்துக்குப் பாக்கற? பால் வத்தணும்னா இதான் வைத்தியம். துணி இருந்தா கிழிச்சிக் குடு."

"அக்கா, கோயில் வாசல்ல நிக்கறத யாராவது பாத்திருந்தா..."

"பாத்தா பாக்கட்டும். நீ கைய தூக்கு."

பூவை மார்மேல் வைத்து, துணியால் இறுக்கிக் கட்டினார். அடுத்தடுத்த நாளும் வந்து மாற்றிக் கட்டினார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஜெபம்கூடச் செய்யவில்லை. ஞானஸ்நானம் எடுத்த பிறகு என் உடம்பில் பூ பட்டது அப்போதுதான். பால் மெல்ல வற்றியது. பால் வற்றியதற்கு நான் அழுத அழுகை, பிள்ளை போனபோதுகூட அழுததில்லை. அவள் இருந்தாள் என்பதற்கு என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

நான் மறுபடியும் சபைக்குப் போனேன். ஏன் போனாய் என்று கம்பெனியில் கேட்டார்கள். ஆண்டவர்மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் கோபித்துக்கொள்வதற்கும் அவரை விட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து கோபித்துக்கொள்வதைவிட அவர் வீட்டுக்கே போய்க் கோபித்துக்கொள்ளலாம் என்று போனேன். என் வீட்டுக்காரர் டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவார். உள்ளே வரமாட்டார். எதிரே பாய் கடையில் உட்கார்ந்து ஆராதனை முடியும்வரை பேப்பர் பார்ப்பார்.

எல்லாரும் என்னிடம் பிரியமாக இருந்தார்கள். என் எதிரில் கைக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சமாட்டார்கள். அவளைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று வாரம் வாரம் காத்திருந்தேன். ஒருத்தராவது கேட்பார்கள் என்று. நடந்தது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஜெபக்குறிப்பில் பழையபடி ஆரம்பித்தார்: "குழந்தை இல்லாத நம்ம சகோதரிக்காக ஜெபிப்போம்."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். என்னால் மூட முடியவில்லை. பாட்டு ஒன்றும் காதில் ஏறவில்லை. சாட்சி நேரம் வந்ததும் எழுந்தேன். முன்னே நடந்துபோய் மைக்கை எடுத்தேன். பாஸ்டருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, மறுபடியும் நல்ல செய்தியோ என்று.

"எனக்கு ஒரு பொண்ணு பொறந்திச்சி" என்றேன். "நீங்கள்லாம் ஜெபம் பண்ணித்தான் பொறந்திச்சி. பாண்டில கண்ணாடிப் பெட்டில வச்சிருந்தாங்க. வெரல அசைச்சிச்சாம். செத்துப் போச்சி. ஆத்தங்கரைல பொதச்சிருக்குது. எனக்குக் கொழந்தையே இல்லன்னு இனிமே ஜெபம் பண்ணாதீங்க. இருந்திச்சி. இதான் என் சாட்சி."

இதற்குச் சபை கை தட்ட முடியுமா? அல்லேலூயா சொல்ல முடியுமா? பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மைக்கை வாங்கக்கூட வரவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து இட்லிக்கடை அக்கா தொண்டையைச் செருமினார். சுருக்கமாக முடிக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"புள்ளைக்கு என்னா பேரு வச்ச?" என்றார்.

சொன்னேன். குரல் வரவில்லை.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல. மைக்க கிட்ட வச்சி சொல்லு."

மைக்கை வாயருகே வைத்து என் மகளின் பெயரை இன்னொரு முறை சொன்னேன். அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் எழுந்தார்கள். பாஸ்டர் அழுதுகொண்டிருந்தார். அன்று பிரசங்கம் நடக்கவில்லை.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது கேட்டவர்களோடு இருக்கட்டும். அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை பிறக்கவும் இல்லை. கடைசியில் ஒரு அற்புதம் வரும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், எப்போதும் பாய் கடையில் உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரர் வாசலில் எங்கள் செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. ஸ்பீக்கர் குழாய் பாய் கடைப் பக்கம்தான் பார்த்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"கேட்டுச்சாங்க?" என்றேன்.

"கேட்டுச்சி. டீ ஆத்திக்கினு இருந்த பாய் கைய நிறுத்திட்டாரு. ஒங்க வூட்டம்மா ஒரு பேரு சொன்னாங்களே, அது யாரு பேருங்கன்னு கேட்டாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் பொண்ணுன்னு சொன்னேன்" என்றார்.