தேதிக் கட்டுக்குக் கீழே ஒரு சைக்கிள்

நகைக்கடையில் கொடுத்த புது வருடக் காலண்டரின் உறையைக் கிழித்ததும் மை வாசனை குப்பென்று வந்தது. படம் எதுவும் இல்லை. கடையின் பெயர், போன் நம்பர்கள், நடுவில் தேதிக் கட்டு, அவ்வளவுதான். ஆனால் அந்த வாசனை போதும். சென்னையில் மூன்றாவது மாடியில் நின்றுகொண்டிருந்த என்னை அது நேராக ஆலங்குடி ஃப்ளெக்ஸ் கடையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, நல்ல வேலை கிடைக்கும் வரைக்கும் என்று அங்கே டிசைனராகச் சேர்ந்தேன். அந்த ‘வரைக்கும்’ மூன்று வருடம் நீண்டது. காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி. தாய்மாமன் தலையை வெட்டி வேறொருவர் கோட்டுக்கு மேல் ஒட்டுவதில் அந்த வட்டாரத்தில் எனக்கு இணை கிடையாது என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். ஒருமுறை தலை மாறிப்போய் மணமேல்குடி மாமன் ஒருவர் சண்டைக்கு வந்தது தனிக் கதை.

அந்தக் கடைக்கு ஒரு மத்தியானம் எண்பதை நெருங்குகிற ஓர் அம்மாள் வந்தார். மஞ்சப்பையிலிருந்து சுருட்டிய தாள் ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்தார்.

“இதப் போட்டு ஒரு கண்ணீர் அஞ்சலி போர்டு அடிக்கணும்.”

“தவறுனது யாருங்க?”

“இன்னும் தவறல. நாந்தான்.”

விரித்தேன். பழைய காலண்டர் படம். கையில்லாத ரவிக்கை போட்ட ஒரு பெண் சைக்கிளில் போகிறாள். முந்தானைத் தலைப்பு பறக்கிறது, சேலை கெண்டைக்கால் வரை ஏறியிருக்கிறது, திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். நிமிர்ந்தேன். எதிரே அதே சிரிப்பு. பல் மட்டும் குறைச்சல். படத்தின் நடுவில் துருக்கறை படிந்த இரண்டு ஆணி ஓட்டைகள் இருந்தன.

“பாட்டி, இது நீங்களா?”

“பாட்டின்னா எந்திரிச்சுப் போயிருவேன். கமலவேணின்னு பேரு இருக்குல்ல.”

அதற்கப்புறம் வாராவாரம் வந்தார். எழுத்து சரியில்லை, பூ சரியில்லை என்று திருத்தம் சொல்ல வருவதாகப் பேர். உண்மையில் பேச வந்தார், நானும் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்டேன். சினிமாவுக்கென்று சித்தியோடு சென்னைக்குப் போனவர், கூட்டத்தில் ஒருத்தியாக இரண்டு படத்தில் நின்றிருக்கிறார். பிறகு ஒரு ஸ்டூடியோக்காரர் கூப்பிட, ஐந்து வருடம் காலண்டர் பெண். மாம்பழக் கூடையோடு, பூப்பந்து மட்டையோடு, வயரே இல்லாத டெலிபோனோடு. கறுப்பு வெள்ளையில் எடுத்து அப்புறம் கையால் வண்ணம் பூசுவார்களாம்.

“நான் நல்ல கறுப்பு. பூசுறவன் என்னய ரோஸாக்கிட்டான். எங்க வீட்டுக்காரரு லாரி ஆபீஸ் காலண்டர்ல ஒரு வருசம் பூரா என்னயப் பாத்துக்கிட்டு இருந்தவரு, பொண்ணு பாக்க வந்தப்ப அடையாளமே தெரியல.”

“சைக்கிள் யாரோடதும்மா?”

“யாரு கண்டா. ஸ்டாண்டு போட்டு நின்ன சைக்கிளு. எனக்கு ஓட்டவே தெரியாது.”

அப்போதெல்லாம் தேதிக் கட்டு தனியாக வருமாம். படத்தில் எங்கே வைத்து ஆணி அடிப்பது என்பது வாங்கியவர் பாடு. “சலூன்ல கட்டக் கீழ தள்ளி அடிப்பாங்க. குடும்பம் நடத்துற வீட்டுல காலு தெரியாம மறச்சு அடிப்பாங்க. மறச்ச வீட்டுலதான் ஆளில்லாதப்ப கட்டத் தூக்கிப் பாக்குறது. எங்க வீட்டுக்காரரே சொல்லியிருக்காரு.” சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “அந்த அஞ்சு வருசம் எல்லாருக்கும் கெடைக்காது பாப்பா. ஊரே என் மொகத்துல முழிச்சுட்டுத்தான் தாளு கிழிச்சுச்சு. ஆதாரு போட்டோவப் பாரு, செத்து ரெண்டு நாளானவ மாதிரி இருக்கேன். அதப் போட்டு அனுப்பிருவான் எம்மவன். விட்றாத.”

மகன் யார் என்று கேட்டேன். சொன்னார். எனக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரும் நடந்தே பள்ளிக்கு வருவார். உடம்புக்கு நல்லது என்று நாங்களும் கொஞ்ச நாள் நடந்தோம்.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, குடையோடு கணக்கு சார் வந்தார். நடந்தே வந்திருந்தார். ஆதார் அட்டையை நீட்டினார்.

“அம்மா தவறிட்டாங்க. நாலுக்கு ஆறு அடி போர்டு. சீக்கிரம் குடும்மா.”

எழுந்து நின்றேன், பத்தாம் வகுப்பு மாதிரியே. “சார், அம்மா ஏற்கெனவே டிசைன் பண்ணி வச்சுட்டுப் போயிருக்காங்க.” திரையில் திறந்து காட்டினேன்.

சார் குடையை மேஜையில் சாய்த்து வைத்தார். பிறகு, “இந்தப் படத்தால ஆறாவதுல எனக்கு என்ன பேரு தெரியுமா? சைக்கிள் பெல்லு. நான் உள்ள நொழஞ்சா க்ளாஸே ணிங் ணிங்ங்கும். வேணாம்மா. ஆதாரையே போடு.”

அத்தனை வருடம் அவர் சைக்கிளைத் தொடாமல் பள்ளிக்கு நடந்தே வந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆனால் அந்த அம்மாளிடம் சரி என்று தலையாட்டியிருந்தேனே. கை தானாக மவுஸுக்குப் போனது. ‘வருந்தும் குடும்பத்தார்’ பெட்டியைப் பிடித்து இழுத்து, அந்த இரண்டு ஆணி ஓட்டைக்கு நேராக வைத்தேன். கால் மறைந்தது.

“இன்னும் மேல,” என்றார். ஏற்றினேன். “இன்னும்.” இடுப்பு வரை ஏறிவிட்டது. சைக்கிள் முழுக்கப் போய், அந்தரத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “எதுக்குச் சிரிக்கிறாங்கன்னே தெரியலையே.”

“சைக்கிள் இல்லைல்ல சார்.”

“கொஞ்சம் எறக்கு.”

ஹேண்டில்பார் வந்தது. “இன்னுங் கொஞ்சம்.” பெல் வந்தது. அதைப் பார்த்தபடி நின்றார். அப்புறம், “அடியோட எறக்கிரும்மா. முழுசாத் தெரியட்டும்,” என்றார். குடும்பத்தார் எல்லோரும் அடியில் நசுங்கிப்போனார்கள். அவர் பெயரே எறும்பு அளவுதான் வந்தது. அவர் கவலைப்படவில்லை.

போர்டு தெருமுனையில் பதினாறு நாள் நின்றது. முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் அதன் முன்னால் வண்டியை நிறுத்தி, “இந்தப் புள்ள நம்ம கடையில ஒரு வருசம் இருந்துச்சேப்பா” என்று கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன். என் வேலையைப் பார்த்து ஒருவர் கும்பிட்டது அந்த ஒருமுறைதான். இன்றுவரை அதற்காக அந்த அம்மாளுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது கடை இல்லை. அங்கே செல்போன் விற்கிறார்கள். டிசைன் இருந்த ஹார்ட் டிஸ்க் அடுத்த கோடையிலேயே போய்விட்டது. மூலப்படத்தைச் சார் வாங்கிக்கொண்டு போனார். கடைசியாக அந்த ஃப்ளெக்ஸை நான் பார்த்தது பஸ் ஜன்னல் வழியாக, யாரோ களத்தில் அதைப் போட்டுக் கடலைக் குவியலை மூடியிருந்தார்கள். பறக்கிற தலைப்பு மட்டும் தெரிந்தது.

புதுக் காலண்டரை ஆணியில் மாட்டினேன். தேதிக் கட்டைத் தூக்கிப் பார்த்தேன். வெறும் வெள்ளை அட்டை.